விரலியா போய் கிழங்கா வந்தேன்: மிர்டாஸபின் மாத்திரை, ஒரு வருச ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறனுங்க, நான் டாக்டரும் இல்ல, மருந்துக்கடக்காரனும் இல்ல, ஈரோட்டுல ஒரு மஞ்ச மண்டில கணக்கு எழுதறவன். மிக்சி வாங்கோணும்னா பத்து ரிவ்யூ பாக்கறோம், செல்லு கவருக்கு கூட நாலு வீடியோ பாக்கறோம், ஆனா தெனம் ரவைக்கு வாயில போட்டு முழுங்கற மன அழுத்த மாத்திரைக்கு தமிழ்ல தேடுனா "இந்த அஞ்சு பழம் சாப்ட்டா கவலை பறந்துரும்"னு தான் வருது. பழம் தின்னு பாத்தாச்சுங்க, பறக்கல. அதனால நானே எழுதறேன்.

மஞ்சள்ல விரலி, கிழங்குன்னு ரெண்டு ரகம் பிரிப்பாங்க. விரலி ஒல்லியா நீட்டமா இருக்கும், கிழங்கு உருண்டையா இருக்கும். அப்பா தவறுன நாலாவது மாசத்துல நான் விரலி ஆயிட்டேன். சாதாரணமா 66 கிலோ இருக்கறவன். காலங்காத்தால மூணு மணிக்கு முழிப்பு தட்டிரும், அப்பறம் விடியற வரைக்கும் ஃபேன பாத்துட்டே படுத்திருக்கறது. அரிசிம்பருப்பு சோத்துல நெய் ஊத்தி வெச்சா வேற யாரும் கூப்படவே வேண்டாம் எனக்கு, அந்த சோறு வாயில வெச்சா ஈர அட்டைய மெல்லுற மாதிரி இருந்துச்சு. ஒரு நா மண்டில மூட்ட எடை போடற எலக்ட்ரானிக் தராசு மேல சும்மா ஏறி நின்னேன், 57.6. லோடு எறக்கற தம்பி ஒருத்தன் எட்டிப் பாத்துட்டு "அண்ணா, நீங்க ஒரு மூட்டைக்கு கூட தேற மாட்டீங்க போல"ன்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். அப்பறம் பின்னாடி சாக்கு அடுக்கி இருக்கற பக்கம் போய் நின்னு அழுதேன். சாக்குல கை பட்டு அந்த மஞ்சத்தூள் மூஞ்சியெல்லாம் அப்பி, கண்ணு செவந்தது கூட யாருக்கும் தெரியல, அது ஒரு சௌகரியம்.

பெருந்துறை ரோட்டுல ஒரு மனநல டாக்டரம்மாகிட்ட போனேன். முதல்ல குடுத்தது எஸ்சிட்டலோப்ராம், ஒரு வாரம் 5 மில்லிகிராம், அப்பறம் 10. இத பத்தி சுருக்கமா, முதல் வாரம் கொமட்டல், அப்பறம் செரியாயிருச்சு. ஆறு வாரம் போட்டேன், இந்த மாத்திரை எல்லாமே ரெண்டு மூணு வாரம் கழிச்சு தான் வேல செய்ய ஆரம்பிக்கும்னு சொல்லித்தான் குடுத்தாங்க, சொன்ன மாதிரியே அழுகை நின்னுச்சு, ஆனா தூக்கமும் வல்ல பசியும் வல்ல. வெயிட்டு அங்கயே நிக்குது. அப்பத்தான் மாத்தி எழுதுனாங்க, மிர்டாஸபின் 7.5, ரவைக்கு மட்டும், பத்து நா கழிச்சு 15.

முத நா ஒம்போது மணிக்கு போட்டேன், ஒம்போதே முக்காலுக்கு டீவி ரிமோட்ட கைல புடிச்ச வாக்குலயே தூங்கிட்டேன்னு வீட்டுல சொன்னாங்க. எந்திரிச்சது காத்தால ஏழு மணிக்கு. ஆறு மாசத்துல அதான் முத தடவ. தலை மட்டும் பஞ்சு அடச்ச மாதிரி இருந்துச்சு, வண்டி ஓட்டறப்ப பயமா இருந்துச்சு, அதனால அந்த ஒரு வாரம் பஸ்ல தான் மண்டிக்கு போனேன், புதுசா போடறவங்க இத மனசுல வெச்சுக்கோங்க. வாய் காஞ்சு போகும், தலமாட்டுல ஒரு சொம்பு தண்ணி வெச்சுக்கோணும். கனவு வேற கலர் கலரா வரும், அப்பா ரெண்டு தடவ வந்தாரு, ரெண்டு தடவயும் கணக்கு தான் கேட்டாரு.

இனி பசி. இதத்தான் விலாவாரியா எழுதோணும்னு உக்காந்தேன்.

இது சாதாரண பசி இல்லீங்க. ரவைக்கு எட்டு மணிக்கு நல்லா தின்னுட்டு, ஒம்போதுக்கு மாத்திரை போட்டு, படுத்து பத்து மணிக்கு ஒரு முழிப்பு வரும் பாருங்க, வயித்துக்குள்ள யாரோ அடுப்பு பத்த வெச்ச மாதிரி. கண்ணு பாதி தான் தொறந்திருக்கும். லைட்டு போட மாட்டேன், ஃப்ரிட்ஜ தொறந்தா வர்ற வெளிச்சத்துலயே நின்னுட்டு, மிச்சம் இருக்கற அரிசிம்பருப்பு சோத்த குண்டானோட எடுத்து, ஜில்லுனு கட்டியா இருக்கும், அத கையிலயே அள்ளி அள்ளி, சூடு பண்ற பொறுமை கூட இருக்காது. அது தீந்தா மிக்சரு. மிக்சர் தீந்தா அம்மா நோம்பிக்கு சுட்டு வெச்ச கச்சாயம். அதுவும் தீந்தா ஒரு நா, வெக்கமா இருக்குது சொல்றதுக்கு, டப்பால இருந்த வெல்லத்த ஒடச்சு ஒடச்சு தின்னுட்டு நின்னேன். காத்தால எந்திரிச்சா பாதி ஞாபகம் இருக்காது, உள்ளங்கை பிசுபிசுன்னு இருக்கறத வெச்சு தான் கண்டுபுடிப்பேன்.

ஏன் இப்படின்னு என்ற மச்சினன கேட்டேன், பார்மசி படிச்சவன். அவன் சொன்னது: சளிக்கு அலர்ஜிக்கு மாத்திரை போட்டா தூக்கம் சொக்குதில்ல, ஒடம்புல ஹிஸ்டமின்ங்கற கெமிக்கல் வேல செய்யற எடத்த அடைக்கறதால வர்றது அது, அதே எடத்தத்தான் மிர்டாஸபினும் நல்லா அழுத்தி அடைக்குது, தூக்கமும் அதனாலதான், பசியும் அதனாலதான். அது பத்தாதுன்னு மூளைல செரடோனின்ங்கற கெமிக்கல் வேல செஞ்சு வயிறு ரொம்பிருச்சு போதும்னு மணி அடிக்கற ஒரு எடம் இருக்குது, அதயும் மூடிருது. மணி அடிக்காத ஸ்கூல்ல யார் வீட்டுக்கு போவாங்க. வேடிக்கை என்னன்னா டோஸ் கம்மியா இருக்கறப்பத்தான் தூக்கம் எச்சா வரும்பான், டோஸ் ஏத்துனா வேற கெமிக்கல் வேல சேந்து தூக்கம் கொஞ்சம் கொறையுமாம். கம்பெனி மருந்துக்கு அனுமதி வாங்கறப்ப பண்ணுன சோதனைலயே 54 சதவீதம் பேருக்கு தூக்கக் கலக்கம், 17 சதவீதம் பேருக்கு பசி எச்சு, டம்மி மாத்திரை தின்னவங்களுக்கு 18ம் 2ம் தான். அதாவது இதெல்லாம் மருந்தோட சீட்டுலயே பிரிண்ட் ஆன விசயம். எனக்கு யாரும் வாயால சொல்லல, அவ்வளவு தான். இந்த ரிவ்யூல எனக்கு இருக்கற ஒரே பெரிய கொறை இது. டாக்டரம்மா நல்லவங்க, பொறுமையா கேட்டாங்க, ஆனா "பசி கூடும், இன்னிக்கு ஒரு வெயிட்டு பாத்து குறிச்சு வெச்சுக்கோங்க"ன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். பத்து செகண்டு ஆகும்.

எங்கம்மாவுக்கு இந்த மாத்திரைய விட ஒசந்த மாத்திரை ஒலகத்துல இல்ல. "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு"ம்பாங்கல்ல, எள்ளுருண்டையா உருட்டி உருட்டி குடுத்துச்சு. மூணாவது மாசம் தராசுல 66. பழைய வெயிட்டு. மண்டி பாசைல சொன்னா, போன சரக்கு அப்படியே திரும்பி வந்துருச்சு. வேலைக்கு போனேன், ஏலத்துல சத்தம் போட்டேன், அப்பா ஃபோட்டோவ பாத்து சாதாரணமா விளக்கு போட்டேன். அங்கயே நின்னிருந்தா அஞ்சு ஸ்டார் போட்டுட்டு போயிருப்பேன்.

நிக்கல. ஏழாவது மாசம் 76.4. முத எட்டரை கிலோ என்ற வெயிட்டுங்க, அது சீக்கு தின்னுட்டு போனது, அத மாத்திரை கணக்குல எழுதறது ஞாயம் இல்ல. அதுக்கு மேல வந்த பத்து கிலோ தான் மாத்திரை புடிச்ச தரகு. நெறைய பேர் இந்த ரெண்டயும் ஒட்டுக்கா சேத்து "பத்தொம்போது கிலோ ஏத்திருச்சு"ன்னு திட்டறாங்க, கணக்கு அப்படி எழுதக்கூடாது.

இதுல நம்ம ஊர் கூத்து என்னன்னா, யாருக்கும் இது சைடு எஃபெக்டுன்னு தோணாது. கோபில ஒரு கல்யாணத்துக்கு போனேன், ஓரம்பரை அத்தன பேரும் "ஏனுங் மாப்ள, நல்லா பூசுனாப்ல ஆயிட்டீங்க, மஞ்ச வெல நல்லா போகுதாட்டருக்குது"ன்னு. காசு வந்தா தான் ஒடம்பு வரும்னு நம்பற சனம். என்னால ஆமாங்கன்னு தான் சொல்ல முடிஞ்சுது. பந்தில பெரியப்பா ஒருத்தரு என்ற எலைல இன்னொரு ஜாங்கிரி வெக்க சொன்னாரு. தின்னேன். வீட்டுக்கு வந்து பேண்ட்டு பட்டன கழட்டுனா தொப்புளுக்கு கீழ செவப்பா ஒரு வட்டம், பட்டனோட நாலு ஓட்டையும் அச்சு மாதிரி பதிஞ்சிருக்குது.

அன்னிக்கு ரவைக்கே மாத்திரைய நிறுத்திட்டேன். யாரையும் கேக்கல. இது தான் நான் பண்ணுன கிறுக்குத்தனம். ரெண்டாவது நா தூக்கம் போச்சு, மூணாவது நா கொமட்டல், வேர்வை, சும்மா உக்காந்திருந்தா கை நடுக்கம், பையன் நோட்டு கீழ போட்டதுக்கு வீடே அதிர்ற மாதிரி கத்திட்டேன். அஞ்சாவது ரவைக்கு ரெண்டரை மணிக்கு 14416க்கு கூப்ட்டேன், டெலிமானஸ்ங்கற மனநல உதவி ஃபோன் நம்பரு, 2022ல மத்திய அரசு ஆரம்பிச்சது, எந்நேரமும் எடுக்கறாங்க, காசு கெடயாது, தமிழ்லயே பேசறாங்க. அந்த புள்ள பொறுமையா கேட்டுட்டு, திடீர்னு நிறுத்துனா இப்படி வரும், சீக்கு திரும்பி வந்துருச்சுன்னு நெனச்சு பயப்படாதீங்க, காத்தால மொத வேலையா உங்க டாக்டர போய் பாருங்கன்னு சொல்லுச்சு. போனேன்.

டாக்டரம்மா திட்டுவாங்கன்னு பாத்தேன், திட்டல. ரத்தம் எடுத்தாங்க. தைராய்டு கம்மியா இருந்தாலும் மனசும் சோந்து போகும், வெயிட்டும் ஏறும், அதனால அத பாத்துக்கறது நல்லதுன்னாங்க, அது நார்மல். மூணு மாச சுகர் 5.9. சர்க்கரைக்கு முன்னாடி படில நிக்கறேன்னு அர்த்தம், 5.7ல இருந்தே அந்த படி ஆரம்பம். எங்க வீட்டுல எள்ளுருண்ட டப்பா அன்னிக்கு அட்டாலிக்கு ஏறுச்சு, கொள்ளு எறங்குச்சு. கொள்ளு ரசம், கொள்ளு பருப்பு, கொள்ளு சுண்டல், நான் என்ன காங்கேயம் காளையாங்க.

வெயிட்டு ஏறாத மாத்திரை இல்லியான்னு கேட்டேன். புப்ரோப்பியான்னு ஒண்ணு இருக்குது, அதுல வெயிட்டு பொதுவா ஏறாது, கொஞ்சம் கொறயக் கூட செய்யும், ஆனா எனக்கு சின்ன வயசுல வலிப்பு வந்திருக்குது, வலிப்பு வந்தவங்களுக்கு அத குடுக்க மாட்டாங்களாம். அப்பறம் என்ற மச்சினன் ரெண்டு ஆராய்ச்சிய எடுத்து காட்டுனான். 2018ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்தது, கிட்டத்தட்ட 2.95 லட்சம் பேரோட ரெக்கார்ட பத்து வருசத்துக்கு பாத்திருக்கறாங்க, வெயிட்டு ஏறற விசயத்துல முன் வரிசைல உக்காந்திருக்கறது நம்ம மிர்டாஸபின் தான். அதுலயே ரெண்டாவது மூணாவது வருசத்துல தான் வெயிட்டு ஏறறது நெம்ப எச்சுன்னு இருக்குது, டாக்டர்க முத மூணு மாசம் பாத்துட்டு விட்டுர்ற எடம் அது. இன்னொண்ணு 2024ல அமெரிக்கால, 1.83 லட்சம் பேரு, அதுல மிர்டாஸபின் இல்ல, ஏழு மாத்திரைய செர்ட்ராலின்ங்கற இன்னொரு மன அழுத்த மாத்திரையோட ஒப்பிட்டு பாத்தா ஆறு மாசத்துல எஸ்சிட்டலோப்ராம் சராசரியா 0.41 கிலோ தான் எச்சு, புப்ரோப்பியான் 0.22 கிலோ கம்மி. இத படிச்சப்ப எனக்கு சிரிப்பு வந்துருச்சு. அரை கிலோ கூட இல்லாத வித்தியாசத்துக்கு சனம் எஸ்சிட்டலோப்ராம அந்த திட்டு திட்டுது. ஆனா சராசரிங்கறது மண்டில கூட ஏமாத்தற வார்த்தைங்க, பத்து மூட்டைல ஒம்போது நல்லா இருந்து ஒண்ணு பூஞ்ச புடிச்சிருந்தா சராசரி நல்லாத்தான் இருக்கும், பூஞ்ச மூட்ட உங்குளுதா இருக்காத வரைக்கும்.

கடசில முடிவு பண்ணுனது: நிறுத்துன மிர்டாஸபின மறுபடி எடுத்து, 15ல இருந்து 7.5, அங்கிருந்து மொள்ள மொள்ள நிறுத்தி, அதே நேரத்துல செர்ட்ராலின் 25ல ஆரம்பிச்சு 50. மாத்தறதுக்கு ஒன்றரை மாசம் ஆச்சு. செர்ட்ராலின்ல முத பத்து நா வயிறு கலக்கல், அது தவிர ஒண்ணும் இல்ல. தூக்கம் பழைய சொகம் இல்ல, ஆறு மணி நேரம் தான், நடுவுல ஒருக்கா முழிப்பு வருது. ஆனா ரவைக்கு ஃப்ரிட்ஜ் பக்கம் போகறதில்ல. சாயந்தரம் வ.உ.சி. பார்க்குல முக்கா மணி நேரம் நடக்கறேன். அஞ்சு மாசமாச்சு, போன வாரம் தராசுல 72.8. ஏறுன மாதிரி எறங்காதுங்க, ஏறுனது லாரில, எறங்கறது மாட்டு வண்டில.

ஸ்டார் கேட்டா, தூக்கத்துக்கு அஞ்சு. மனசுக்கு நாலரை. இடுப்புக்கு ஒண்ணு. என்ன மாதிரி சோறு தூக்கம் ரெண்டும் போய் எலும்பா நிக்கறவனுக்கு முத மூணு மாசம் இது சாமி மாதிரி, மறுபடியும் அந்த நெலம வந்தா மறுபடியும் இதத்தான் கேப்பேன், ஆனா முத நாளே மண்டி தராசுல ஏறி சீட்டுல குறிச்சுட்டு, மாசம் ஒருக்கா அந்த சீட்ட டாக்டரம்மா டேபிள்ல வெப்பேன். ஏற்கனவே சுகர் இருக்கறவங்க, கொழுப்பு எச்சா இருக்கறவங்க மாத்திரை சீட்டு எழுதறப்பவே வாய தொறந்து சொல்லிருங்க, அவங்களா கேக்கற வரைக்கும் உக்காந்திருக்காதீங்க.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் சமாதானம் ஆகல. நேத்து கொள்ளு ரசத்த ஊத்திட்டே கேக்குது, "ஏஞ்சாமி, அந்த ரவைக்கு போடற மாத்திரைய எதுக்கு நிறுத்துனே, எத்தன அழகா தின்னுட்டு இருந்தே."