‘எல்லோரும் நடக்கலாம்’ என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

மலைத்தடங்களில் வழிகாட்டியோடு நடைப்பயணம் ஏற்பாடு செய்யும் ஒரு நிறுவனம், ‘முதியவர், குழந்தைகள், சக்கர நாற்காலியில் வருவோர் என எல்லோருக்கும் ஏற்ற பாதை’ என்று விளம்பரம் செய்து எங்கள் குடும்பத்திடம் பணம் வாங்கியது. அந்தப் பாதையின் முதல் இருநூறு மீட்டருக்கு மேல், சக்கர நாற்காலியில் வரும் என் அக்காவால் போக முடியவில்லை. முழங்கால் தேய்மானம் உள்ள அப்பாவை இறக்கத்தில் விட்டுவிட்டு வழிகாட்டி முன்னே போய்விட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ‘இயற்கை எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை’ என்று பதில் வந்தது. நடக்கச் சிரமப்படும் ஒருவரை எப்படியாவது ஒருமுறை மலைப்பாதைக்கு அழைத்துப்போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், முன்பதிவு செய்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அந்த ஆசையை வைத்துத்தான் இவர்கள் தொழில் நடத்துகிறார்கள்.

கேட்க வேண்டியதை எல்லாம் எழுத்திலேயே கேட்டிருந்தேன். அக்கா வருவது கையால் தள்ளும் சாதாரண நாற்காலியில், அதன் அகலம் 65 சென்டிமீட்டர். அப்பா சமதளத்தில் இரண்டு மணி நேரம்கூட நடப்பார், செங்குத்தான இறக்கம்தான் ஆகாது. இவ்வளவும் சொன்ன பிறகு வந்த பதில் இது: ‘கவலையே வேண்டாம். ஆறு கிலோமீட்டர் சுற்றுப்பாதை. தொடங்கிய இடத்திலேயே முடிவதால் உயர வித்தியாசம் பூஜ்யம். சராசரிச் சரிவும் மிகக் குறைவு. ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாக முடித்துவிடலாம்.’ கூடவே நான்கைந்து புகைப்படங்கள். வழுவழுப்பான தளம், மரக் கைப்பிடி, சிரித்த முகங்கள்.

அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, எல்லாப் படங்களும் வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய ஒரே துண்டுப் பாதையில் எடுக்கப்பட்டவை என்று. ஒவ்வொரு படத்திலும் அதே கைப்பிடி, மேல் கட்டை பிளந்த அதே கம்பம். அந்தத் தளம் இருநூறு மீட்டரில் முடிந்துவிடுகிறது. முடியும் இடத்தில் கால்நடைகள் நுழையாதபடி ஓர் இரும்புக் கதவு. ஒருவர் உள்ளே நின்று, கதவைத் தள்ளி, உடம்பை வளைத்து வெளியேற வேண்டிய வகை. அத்தான் நாற்காலியை நேராகத் தள்ளிப் பார்த்தார், பின்பக்கமாக இழுத்துப் பார்த்தார். இரண்டு சக்கரங்களின் வளையமும் கம்பியில் முட்டி நின்றன. வழிகாட்டி அக்காவின் முகத்தைப் பார்க்காமல் என்னிடம், ‘தூக்கிக்கொண்டு போய்விடலாமே சார், நான்கு பேர் இருக்கிறோம்’ என்றார். ‘தூக்கித்தான் போக வேண்டுமென்றால் அதை முன்பே சொல்லியிருக்கலாமே’ என்று அக்கா கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. 65 சென்டிமீட்டர் என்று நான் எழுதிக்கொடுத்த அளவை அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை.

அப்போதே திரும்பியிருப்போம். ஆனால் அவர், மறுபக்கச் சாலை வழியாக ஜீப் வரும், அக்காவைக் காட்சிமுனைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும், நீங்கள் ஏறி வாருங்கள் என்று உறுதி சொன்னார். ‘நீ அப்பாவோடு போ, நாங்கள் வண்டியில் வந்துவிடுகிறோம்’ என்று அக்காவும் வற்புறுத்தினார். ஜீப் வரவே இல்லை. அத்தானும் அக்காவும் நிழலோ கழிப்பறையோ இல்லாத அந்த வண்டி நிறுத்துமிடத்தில், நாங்கள் திரும்பும்வரை காத்திருந்தார்கள்.

மேலே நடந்தது இன்னொரு வகை. இருபது பேருக்கு ஒரே வழிகாட்டி, அவரும் முன்னால். கடைசியில் வருபவரைக் கவனிக்க ஆள் கிடையாது. வேகமாக நடப்பவர்கள் ஒரு திருப்பத்தில் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்ததும், ‘எல்லோரும் வந்தாயிற்று, கிளம்பலாம்’ என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவையில்லாதவர்களுக்கு ஓய்வு, தேவைப்படுகிறவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. குழுவை நடத்தத் தெரிந்த எவரும், கடைசியாக வருபவர் வந்து அமர்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்ப்பார். இந்த ஒரு பழக்கம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே ஒரு வழிகாட்டியை எடைபோட்டுவிடலாம்.

இறக்கம் தொடங்கியபோது அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். கெட்டிப்பட்ட மண்ணின் மேல் தளர்வான சரளை. அதில் கால் வைத்தால் கேழ்வரகு கொட்டிய தரையில் நடப்பதுபோல் நழுவும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் அதிகம் பாடுபடுகிறது. ஒவ்வோர் அடியிலும் உடம்பின் எடை கீழே விழாமல் தடுக்க, தொடைத் தசை நீண்டபடியே இறுகிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த அழுத்தம் முழங்கால் சில்லின் மேல்தான் இறங்கும். அப்பா பக்கவாட்டில் திரும்பி, ஒரு கையால் வேரைப் பிடித்து, மறு கையை என் தோளில் வைத்து, அரையடி அரையடியாக இறங்கினார். இரண்டு ஊன்றுகோல்கள் இருந்திருந்தால் பாதிச் சிரமம் குறைந்திருக்கும். ‘தேவையான உபகரணங்கள் வழங்கப்படும்’ என்று விளம்பரத்தில் இருந்தது. கேட்டதற்கு, இன்று கொண்டுவரவில்லை என்றார்கள். நாங்கள் கீழே வந்தபோது மற்றவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள், வழிகாட்டி உட்பட.

வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியில் பதிவாகியிருந்த தடத்தைத் திறந்தேன். கைப்பேசி காட்டும் உயரத்தை அப்படியே நம்ப முடியாது என்பதால், வரைபடத்தில் பாதை கடக்கும் சமவுயரக் கோடுகளையும் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) எண்ணிச் சரிபார்த்தேன். மொத்த ஏற்றம் 340 மீட்டர். ‘உயர வித்தியாசம் பூஜ்யம்’ என்பது பொய்யல்ல என்று அவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். சுற்றிவந்து அதே இடத்தில் முடியும் எந்தப் பாதைக்கும், அது சிகரத்தையே தொட்டுவந்தாலும், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே வித்தியாசம் பூஜ்யம்தான். நடப்பவருக்குத் தெரிய வேண்டியது வழியில் ஏறிய ஏற்றங்களின் கூட்டுத்தொகை.

சராசரிச் சரிவும் இதே தந்திரம். 340 மீட்டரை ஆறாயிரம் மீட்டரால் வகுத்தால் நூற்றுக்கு ஆறுக்கும் கீழே வரும். ஆனால் பாதையில் பாதி ஏற்றம், பாதி இறக்கம்; மூவாயிரத்தால் வகுத்தால் நூற்றுக்குப் பதினொன்று. அதுவும் சராசரிதான், மோசமான இடங்கள் அதைவிடச் செங்குத்து. அமெரிக்காவில் கூட்டரசு நிலங்களில் எல்லோருக்குமான தடங்கள் அமைக்க 2013-இல் வெளியான விதிகளைப் படித்துப் பார்த்தேன். இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர், அதாவது நூற்றுக்கு ஐந்து என்ற சரிவுவரை நீளக் கட்டுப்பாடு இல்லை. பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் சுமார் 60 மீட்டர்தான் தொடரலாம், பிறகு இளைப்பாறச் சமதளம் வேண்டும். எட்டுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாக எங்குமே இருக்கக் கூடாது. அகலம் குறைந்தது 91 சென்டிமீட்டர். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: தடத்தின் தொடக்கத்தில் வைக்கும் பலகையில் நீளம், தரையின் வகை, வழக்கமான அகலம், மிகக் குறைந்த அகலம், வழக்கமான சரிவு, மிக அதிகமான சரிவு, அதேபோல் குறுக்குச் சரிவு (பாதையின் அகலவாக்கில் உள்ள சாய்வு) எல்லாம் எழுதியிருக்க வேண்டும். வழக்கமானது மட்டும் போதாது, மோசமானதும் வேண்டும். ஐந்தே முக்கால் கிலோமீட்டர் நன்றாக இருந்து ஓர் இடத்தில் ஒரு குறுகிய கதவு இருந்தால், சக்கர நாற்காலிக்கு அந்தப் பாதை அந்தக் கதவோடு முடிந்தது.

நேரக் கணக்கையும் பாருங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இந்தப் பாதைக்கு 72 நிமிடமும் 34 நிமிடமும் சேர்ந்து ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அதுவும் உடல்வலு உள்ளவர் எங்கும் உட்காராமல் நடந்தால். முதியவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு ‘ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாக’ என்று எழுதியவர் இந்தக் கணக்கை அறியாதவராக இருக்க வேண்டும், அல்லது அறிந்தே ஏமாற்றியவராக இருக்க வேண்டும்.

ஒப்புதல் படிவம் பற்றியும் சொல்ல வேண்டும். அதை முன்பதிவின்போது காட்டவில்லை. எல்லோரும் வண்டியிலிருந்து இறங்கி, முழுப் பணமும் கட்டி முடித்த பிறகு, தடத்தின் வாசலில் நீட்டினார்கள். ‘பங்கேற்பாளர் தன் உடல்தகுதியைத் தானே உறுதிசெய்கிறார்’ என்று அதில் ஒரு வரி. பணம் திருப்பித் தர மறுத்தபோது அந்த வரியைத்தான் படமெடுத்து அனுப்பினார்கள். என் பதில் எளிது: எங்கள் உடல்தகுதியை நாங்கள் சரியாகவே சொன்னோம், உங்கள் பாதையின் தகுதியை நீங்கள் தவறாகச் சொன்னீர்கள். அக்காவின் கட்டணத்தையாவது திருப்பித் தாருங்கள் என்றதற்கு, அடுத்த நடைப்பயணத்தில் தள்ளுபடி தருவதாக எழுதினார்கள். எந்தப் பாதையில், எந்தக் கதவு வழியாக என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பிறகு மௌனம். நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறோம். அக்காதான் கையெழுத்திட்டிருக்கிறார்.

எங்கேயாவது முன்பதிவு செய்யப்போகிறீர்கள் என்றால், மொத்த ஏற்றம், மிகச் செங்குத்தான துண்டின் சரிவும் நீளமும், மிகக் குறுகிய இடத்தின் அகலம், வழியில் உள்ள படிகள், கதவுகள், தரையின் தன்மை ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். பாதையின் நடுப்பகுதியில் எடுத்த படம் கேளுங்கள். குழுவின் கடைசியில் யார் வருவார், பாதியில் ஒருவரால் முடியாமல் போனால் எந்த வழியாக வெளியே கொண்டுவருவார்கள் என்றும் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். உண்மையாக வேலை செய்பவர்களுக்கு இவை கைவசம் இருக்கும். ‘எல்லோரும் வருகிறார்களே’ என்று மட்டும் பதில் வந்தால் முன்பணம் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள், நடைக்குப் போகும் முன்பே விளம்பரத்தையும் உரையாடல்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் புகாருக்கு இப்போது கைகொடுப்பது அந்தப் படங்கள்தான்.