ஆறு வருசமா ஆர்கன்ல அலுமினியம் ஒட்டுறேன், பட்டதெல்லாம் சொல்றேன்

எங்க கொழும்பு கிராண்ட்பாஸ் பக்கம் யாரும் டிக் வெல்டிங்ன்னு (டங்ஸ்டன் ஊசி நுனில மின்பொறி, அதாவது ஆர்க் எடுத்து, சுத்தி ஆர்கன் கேஸ் விட்டு ஒட்டுறது) சொல்ல மாட்டாங்க, "பாஸ், இதுக்கு ஆர்கன் அடிச்சுத் தாங்க"ன்னுதான் சாமானத் தூக்கிட்டு வருவாங்க. மெஷினுக்குப் பேரே இல்ல, கேஸ்தான் பேரு. அதுவும் சரிதான். ஏன்னா இந்த ஆறு வருசத்துல எனக்கு வந்த தொல்லைல முக்கால்வாசி மெஷின்லயும் இல்ல சிலிண்டர்லயும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல ஓடுற ஹோஸ்லயும் கைல பிடிச்சு ஒட்டுற டோர்ச்லயும்தான் இருந்திச்சு.

அதுக்கு முன்னாடி நான் ஒட்சிசன் அசிட்டிலீன்ல ஃப்ளக்ஸ் பூசி அலுமினியம் ஒட்டினவன். இரும்பு மாதிரி இது சிவந்து காட்டாது, சும்மா வெள்ளையா இருந்துட்டு திடீர்ன்னு கீழ கொட்டிடும். 660 பாகைல உருகுற உலோகம், ஆனா மேல இருக்கிற ஒக்சைட் தோல் உருக 2000க்கு மேல வேணும், அதுதான் வில்லங்கமே. ஃப்ளக்ஸ் அந்தத் தோலைத் தின்னும், சரி, ஆனா கழுவாம விட்டா பிறகு அலுமினியத்தையும் தின்னும். ஏசி டிக்ல கரண்ட் மாறி மாறி ஓடுறப்போ, டங்ஸ்டன் பிளஸா நிக்கிற நேரமெல்லாம் தோல உரிச்சுத் தள்ளும், ஆர்கன் மேல குடை மாதிரி நின்னு புதுத் தோல் பிடிக்காம காத்த மறிச்சு வைக்கும். அவ்வளவுதான் அதோட வேல. சுத்த ஆர்கன்தான் வேணும், 99.99க்கு குறையாம. இரும்புக்கு மிக் வெல்டிங் அடிக்கிற சீஓடூ (காபனீரொக்சைட்) கலந்த சிலிண்டர மாட்டிப் பாத்தவங்க இருக்காங்க, கரி அப்பின மாதிரி வரும், டங்ஸ்டனும் போச்சு.

இப்ப மெயின் கதை. மெஷின் வாங்கின ரெண்டாம் வருசம் ஒரு கோயில்ல இருந்து அன்னதானக் கிடாரம் ஒண்டு வந்திச்சு, அடில ஒரு சாண் வெடிப்பு. வடிவா பிரஷ் போட்டு அசிட்டோன்ல துடைச்சு ஆர்க் எடுத்தா பீட் (ஒட்டின வரி) முழுக்க ஓட்டை, அசல் அப்பம் மாதிரி, ஓரமெல்லாம் கறுப்பு. அதுக்கு முந்தின நாள்தான் சிலிண்டர் மாத்தினது. எனக்கு வந்த கோவத்துக்கு கேஸ் தந்த இடத்துக்கு ஃபோனப் போட்டு கண்டபடி ஏசிட்டேன், அவங்களும் பாவம் பேசாம வேற சிலிண்டர் அனுப்பினாங்க. அதுலயும் அதே அப்பம்! பிறகு கடைல நிக்கிற தம்பிதான் "அண்ணே, இந்தப் பின் மூடி லூசா சுத்துதே"ன்னு டோர்ச்ச காட்டினான். பின் மூடிக்குள்ள ஒரு குட்டி ரப்பர் வளையம் இருக்கு, அது சூட்டுல காஞ்சு வெடிச்சுப் போயிருந்திச்சு. கேஸ் முன்னாடி ஓடுறப்போ அந்த வெடிப்பு வழியா காத்த உள்ள இழுக்குது. வளையம் ஒரு சின்னச் சாமான். அடுத்த முறை கேஸ் லொறி வந்தப்போ பிளேன்டீ வாங்கிக் குடுத்துத்தான் முகத்தப் பாத்தேன்.

அதுக்குப் பிறகு கேஸக் குத்தம் சொல்ல முன்னாடி ஒரு சோதனை வச்சிருக்கேன். சுத்தமா பிரஷ் பண்ணின தகட்டுல ரொட் (உருக்கி நிரப்புற கம்பி) போடாம ஒரே இடத்துல நாலஞ்சு செக்கன் உருக்கிப் பாருங்க. கண்ணாடி மாதிரி பளபளன்னு குட்டையும் சுத்தி வெள்ளை வளையமும் வந்தா கேஸ் நல்லா வருது. மங்கலா, கறுப்புப் புள்ளியா வந்தா எங்கயோ காத்து கலக்குது. ஆறு வருசத்துல ஒரே ஒரு தடவைதான் நிஜமாவே சிலிண்டர்ல பிழை இருந்திச்சு, பக்கத்துப் பட்டறை சிலிண்டர மாத்தி மாட்டிப் பாத்து உறுதி பண்ணினேன்.

இன்னொரு மடத்தனம், கேஸ் கூடக் கூட நல்லதுன்னு நினைச்சு நிமிசத்துக்கு 18, 20 லீட்டர்ல ஓட்டினது. வேகமா வர்ற கேஸ் டோர்ச் நுனில இருக்கிற கப் வாய்ல சுழிச்சு வெளிக் காத்தையும் சேர்த்து இழுக்கும், காசும் போகும் வேலையும் போகும். இப்ப 7ம் நம்பர் கப்புக்கு 8, 9 லீட்டர், அவ்வளவுதான். ஆனா அத ரெகுலேட்டர்ல பாத்தா மட்டும் காணாது, கப் வாய்ல பிடிக்கிற சின்னக் குழாய் மீட்டர் ஒண்டு வாங்குங்க. எனக்கு ரெகுலேட்டர் 10 காட்ட கப்புல 6தான் வந்திச்சு, மிச்சம் ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்துல வழியில போயிட்டு இருந்திச்சு. சன்லைட் சோப்ப தண்ணில கரைச்சு பூசினா நுரை தள்ளிக் காட்டிக் குடுத்திடும். ராத்திரி சிலிண்டர் வால்வ மூடிட்டு முள்ளு எங்க நிக்குதுன்னு குறிச்சு வச்சுட்டுப் போவேன், காலைல இறங்கி இருந்தா லீக்.

கொழும்புக்குன்னே உள்ள வியாதியும் ஒண்டு இருக்கு, ஈரம். உருகின அலுமினியம் ஐதரசனக் குடிக்கும், இறுகுறப்போ வச்சிருக்க ஏலாது, அதுதான் ஓட்டையா வெளிய வருது. பழைய ரப்பர் ஹோஸ்ல ராவோட ராவா ஈரம் ஊறிடும், அதனால காலைல முதல் பீட் மட்டும் நாசமாகி பிறகு சரியாகும், கொஞ்ச நாள் எனக்கு இது பேய் வேல மாதிரியே இருந்திச்சு. இப்ப ஹோஸ மாத்திட்டேன், காலைல அரை நிமிசம் சும்மா கேஸ் விட்டுத்தான் ஆரம்பம். ரொட்ட பீவீசி பைப்புக்குள்ள மூடி போட்டு வைக்கிறேன். ஃபேனும் போட ஏலாது, குடைய அடிச்சுட்டுப் போயிடும், வேர்வை மூக்கு நுனில இருந்து சாமான் மேல சொட்டினா அதுவும் ஓட்டைதான். ஏப்ரல் மாசம் மத்தியானம் இந்த வேலைக்குக் கை வைக்கவே மாட்டேன்.

ரொட்ன்னா எஞ்சின் கவர், கியர்பொக்ஸ் மாதிரி வார்ப்புக்கு 4043 நம்பர் ரொட். அனோடைஸ் (கரண்ட் விட்டு மேல ஒக்சைட் தோல் ஏத்துறது) பண்ணப் போற சாமானுக்கு மட்டும் 5356, 4043 போட்டா ஒட்டின இடம் கறுத்துத் தெரியும். எண்ணெய் குடிச்ச பழைய கியர்பொக்ஸ்ல எந்தக் கேஸும் அற்புதம் செய்யாது, ரெண்டு மூணு தரம் உருக்கி அரைச்சு எண்ணெய வெளிய எடுக்கணும். துடைக்க குளோரின் கலந்த பிரேக் கிளீனர் எடுக்கவே வேணாம், ஆர்க் பட்டா நச்சுக் காத்து வரும். ஆர்கனும் காத்தவிட கனம், வாசன கிடையாது, குழிலயோ தாங்கிக்குள்ளயோ இறங்கி அடிச்சா மூச்சு முட்டுறதே தெரியாம சரிஞ்சிடுவீங்க. இன்னொண்டு, ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பொட்டுதானேன்னு சாரத்தோட இருந்து அடிச்சேன், முழங்காலுக்குக் கீழ தோல் உரிஞ்சு ஒரு கிழமை. இரும்பவிட இதுல வெளிச்சம் கொடுமை.

செலவக் கேப்பீங்க. 2022ல டொலர் 200ல இருந்து 360க்குப் போனப்போ எல்லாமே ஏறிச்சு, கரண்ட் கட் வேற, அந்த நாள்ல பாதி நாள் சும்மாதான் இருந்தேன். விலை எழுதினா அடுத்த மாசம் பிழையாப் போகும், கணக்கு மட்டும் சொல்றேன். 47 லீட்டர் சிலிண்டர் 150 பார்ல கிட்டத்தட்ட 7000 லீட்டர் கேஸ், 9 லீட்டர்ல ஓட்டினா 13 மணித்தியாலம் வரணும். எனக்கு 10தான் வருது, ஏன்னா ஆர்க் நிப்பாட்டின பிறகும் 10, 12 செக்கன் கேஸ் ஓட விடுறேன். அத மிச்சம் பிடிக்கிறேன்னு டோர்ச்ச டக்குன்னு எடுத்தா டங்ஸ்டன் நீலமாகி கறுத்துடும், திருப்பித் தீட்டணும். முள்ளு 5 பாருக்கு வந்தா சிலிண்டர மாத்திடுவேன், முழுசா காலியாக்கி வால்வத் திறந்து விட்டா உள்ளுக்குள்ள ஈரம் புகுந்திடும். தம்பிக்குத்தான் மனசு கேக்குறதில்ல, "அண்ணே இன்னும் ரெண்டு பொட்டு வரும்"ன்னு ஒவ்வொரு தடவையும் நிப்பான்.