மூன்று வருடம் மேக்கில் டெஸ்டிங், மூன்று வாரம் பழைய விண்டோஸில்

போன மாதம் என் மேக்புக்கின் கீபோர்டு சொதப்பி சர்வீஸுக்குப் போனது. திரும்பி வர மூன்று வாரம் ஆனது. அதுவரை என்ன செய்வது என்று அலமாரியில் கிடந்த பழைய விண்டோஸ் லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்து, மவுஸைச் சொருகி, மூன்று வருடமாக நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் வெப் ஆப்பைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே அடியில் ஒரு கிடைமட்ட ஸ்க்ரோல்பார். பக்கம் இடமும் வலமும் லேசாக ஆடுகிறது, ஒரு கால் குட்டையான மேஜை மாதிரி. "பேஜ் ஆடுது" என்று இரண்டு பேர் புகார் கொடுத்திருந்தார்கள், இரண்டையும் "இங்கே வரவில்லை" என்று எழுதி மூடியவன் நான்தான்.

இந்த எரிச்சலில் இருந்தபோதுதான் நண்பன் போன் செய்தான். "ஒரே ஒரு மெஷின்தான்டா வாங்க முடியும், எல்லா பிரௌசர்லயும் டெஸ்ட் பண்ணணும், எந்த ஓஎஸ் எடுக்கட்டும்?" பதில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் எனக்கே குரல் ஏறிவிட்டது. சரி, எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

மேக்குக்கு நியாயமாகச் சேர வேண்டியதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆப்பிளின் பிரௌசரான சஃபாரி, கம்ப்யூட்டர்களில் அங்கே மட்டும்தான் இருக்கிறது. விண்டோஸுக்கான சஃபாரி 2012இல் 5.1.7 பதிப்போடு நின்றுபோனது, அதை இன்றைக்கு இறக்கி டெஸ்ட் செய்தால் அது அருங்காட்சியக வேலை. மேக் ஓஎஸ்ஸை வெர்ச்சுவல் மெஷினில் (ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) ஓட்டலாமே என்றால், லைசென்ஸ்படி அதையும் ஆப்பிள் மெஷின் மேல்தான் ஓட்ட வேண்டும். ஆனால் மேக்குக்குள் லினக்ஸையும் ஓட்டலாம், விண்டோஸ் 11இன் ஆர்ம் சிப்புக்கான பதிப்பையும் ஓட்டலாம். ஐபோனைக் கேபிளில் மாட்டி அதன் சஃபாரியில் ஓடும் பக்கத்தை இங்கிருந்தே தோண்டிப் பார்க்கலாம். ஐபோனில் குரோம் என்று பெயர் போட்டு வருவதும் உள்ளே சஃபாரியின் எஞ்சினான, அதாவது பக்கத்தை வரைந்து காட்டும் பகுதியான, வெப்கிட்தான் என்பதால் (ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 முதல் வேறு எஞ்சினுக்கு வழி விட்டிருக்கிறார்கள்) இது சின்ன விஷயம் இல்லை. மூன்று வருடத்தில் மெஷின் ஒருநாளும் மூச்சு வாங்கியதில்லை. ஆக, கணக்குப் போட்டால் மேக்தான்.

இப்போது அந்த ஸ்க்ரோல்பாருக்கு வருகிறேன்.

மேக்கில் டச்பேட் மட்டும் இருந்தால் ஸ்க்ரோல்பார் பக்கத்தின் மேல் மிதக்கும், இடம் எடுத்துக்கொள்ளாது, உருட்டும்போது தெரிந்துவிட்டு மறைந்துவிடும். விண்டோஸ் குரோமில் அது சுமார் 15 பிக்சல் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும். நான் மேலே உள்ள பேனருக்கு 100 சதவீதம் என்று கொடுக்காமல் வியூபோர்ட் (பக்கம் தெரியும் பிரௌசர் பரப்பு) அகலம் 100 என்று கொடுத்திருந்தேன். அந்த அளவு ஸ்க்ரோல்பாரையும் சேர்த்து எண்ணும். அதனால் விண்டோஸில் பேனர் சரியாக அந்த 15 பிக்சல் வெளியே துருத்துகிறது, பக்கம் ஆடுகிறது. மேக்கில் எதுவும் துருத்தாது, எல்லாம் அழகு. தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தினமும் எட்டு மணி நேரம் கண்ணெதிரே இருந்த தப்பை ஒருநாளும் காட்டிக்கொடுக்காத ஓஎஸ்ஸை டெஸ்டிங் மெஷின் என்று எப்படிச் சொல்வது?

ஒருநாளும் என்று சொன்னது சரியில்லை. ஒரு வருடம் முன்பு ஒருமுறை என் மேஜையில் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் காட்டலாம் என்று மவுஸைக் கழற்றிவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன், அங்கே வைத்துத் திறந்தால் ஆட்டம் இல்லை. திரும்ப என் சீட்டுக்கு வந்து மவுஸைச் சொருகினால் ஆடுகிறது. இரண்டு பேரும் தலையைச் சொறிந்துவிட்டு "கேஷ்தான்", அதாவது பிரௌசர் சேமித்து வைத்திருக்கும் பழைய நகல்தான் காரணம் என்று முடிவு கட்டினோம். கண்ட பழியையும் சுமப்பதற்கென்றே கேஷ் பிறந்திருக்கிறது. உண்மையில் மேக் செட்டிங்ஸில் ஸ்க்ரோல்பாரை "மவுஸா டச்பேடா என்று பார்த்துத் தானாக" காட்டும்படி விட்டிருந்தேன். மவுஸ் மாட்டினால் பழைய பாணி ஸ்க்ரோல்பார் வரும், கழற்றினால் போய்விடும். "எப்போதும் காட்டு" என்று ஒரே ஒரு தட்டில் மாற்றிவிடலாம். அது தெரிய எனக்கு ஒரு கீபோர்டு ரிப்பேர் தேவைப்பட்டது.

வெர்ச்சுவல் மெஷினில் விண்டோஸ் வைத்திருந்தாயே, அதில் பார்த்திருக்கலாமே என்று நண்பன் கேட்டான். வைத்திருந்தேன். மாதம் ஒருமுறை, ரிலீஸுக்கு முந்தின நாள் திறப்பேன். ஒரு மாத அப்டேட் மொத்தமும் வரிசையில் நிற்கும், மெமரியைத் தின்னும், லாகின் வேலை செய்கிறதா, பிரிண்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவேன். எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஓஎஸ்ஸில் லாகின் உடைந்தது தெரியும், பக்கம் ஆடுவதெல்லாம் தினமும் அதில் குடியிருந்தால்தான் தெரியும்.

மேக் மூடி மறைத்த இன்னொன்று ஃபைல் பெயர். ஒரு படத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தில் சேமித்துவிட்டு கோடில் சின்ன எழுத்தில் அழைத்திருந்தேன். மேக்கின் இயல்பான ஃபைல் சிஸ்டம் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், விண்டோஸும் அப்படித்தான். சர்வர் லினக்ஸ், அது எடுத்துக்கொள்ளாது. சர்வரில் ஏற்றி டிப்ளாய் ஆனதும் படம் காணவில்லை. லினக்ஸில் வேலை செய்பவனுக்கு இந்தக் கூத்தே கிடையாது. மேக்குக்கு முன் இரண்டு வருடம் நான் லினக்ஸில்தான் இருந்தேன், இப்போதும் மனசுக்கு அதுதான் பிடிக்கும். 2020இல் வந்த ப்ளேரைட் என்ற தானியங்கி டெஸ்டிங் கருவி லினக்ஸிலேயே வெப்கிட்டை ஓட்டிக் காட்டும். ஆனால் அந்த வெப்கிட்டும் ஒருவர் கையில் இருக்கும் சஃபாரியும் ஒன்று கிடையாது. டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டியது, ஐபோனில் கீபோர்டு மேலே வந்ததும் திரையின் அடியில் ஒட்டவைத்திருந்த "சேமி" பட்டன் அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. ப்ளேரைட்டில் கீபோர்டே மேலே வராதே, பாவம் அது என்ன செய்யும்.

விண்டோஸைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. 2020இல் எட்ஜ், குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறிவிட்டது, 2022 ஜூனில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11க்கும் விடை கொடுத்தாயிற்று, இனி அங்கே தனியாக டெஸ்ட் செய்ய என்ன இருக்கிறது என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த மூன்று வாரத்தில் பார்த்தது: திரை 125 சதவீத ஸ்கேலிங்கில் (எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு) இருந்ததால் மெல்லிய கோடுகள் சில இடத்தில் தடித்தும் சில இடத்தில் மங்கியும் தெரிந்தன. மேக்கில் ஒரே வரியில் நின்ற "உறுதிப்படுத்தவும்" பட்டன், விண்டோஸின் நிர்மலா எழுத்துருவில் இரண்டு வரியாக உடைந்தது. ஹை கான்ட்ராஸ்ட் போட்டதும் ஐகான் பாதி காணாமல் போனது. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ ஸ்க்ரீன் ரீடரில் எங்கள் மெனு வெறும் "பட்டன், பட்டன், பட்டன்" என்று வாசித்தது. எஞ்சின் அதேதான், அதைச் சுற்றி இருப்பது எல்லாம் வேறு.

மேக் திரும்பி வந்துவிட்டது, கீபோர்டு பூப்போல இருக்கிறது, ஸ்க்ரோல்பாரை "எப்போதும் காட்டு" என்று மாற்றிவிட்டேன். கணக்குப்படி மேக்தான் என்று மேலே எழுதியதை அழிக்கப்போவதில்லை. இருந்தாலும் நண்பனிடம் நான் சொன்னது, சாதாரண திரை உள்ள ஒரு விண்டோஸ் லேப்டாப், லினக்ஸுக்கு அதிலேயே (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும்) டபிள்யூஎஸ்எல் 2, ஒரு மவுஸ், கூடவே யாராவது பயன்படுத்திவிட்டு விற்கும் ஐபோன் ஒன்று. "ஐபோன்ல பக் வந்தா எதுல டீபக் பண்றது?" என்று கேட்டான். சரியான கேள்விதான், ஐபோன் பக்கத்தைத் தோண்டிப் பார்க்கும் சஃபாரியின் இன்ஸ்பெக்டர் மேக்கில்தான் இருக்கிறது. இரண்டு மாதத்தில் என் மேக்கைக் கேட்டு வந்து நிற்பான், கொடுக்கத்தான் போகிறேன். மவுஸோடு.