கல்லீரலில் வைரஸ், இரைப்பையில் பாக்டீரியா

சிங்கப்பூரின் தேக்காப் பக்கம் பேசும்போது வைரஸ், பாக்டீரியா இரண்டையும் ‘கிருமி’ என்றே முடித்துவிடுகிறோம். புற்றுநோயை அவை உண்டாக்கும் வழி வேறு வேறு.

ஹெபடைடிஸ் பி வைரஸ் தன் மரபணுத் துண்டைக் கல்லீரல் செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடக்கூடும். கூடவே பல்லாண்டு அழற்சி. மருந்தால் அடக்கிவைக்கலாம், முற்றிலும் விரட்டுவது அரிது. அதனால்தான் தடுப்பூசியை அவ்வளவு வலியுறுத்துகிறேன். சிங்கப்பூரில் 1987 முதல் பச்சிளங்குழந்தைகள் அனைவருக்கும் அது உண்டு. அதற்கு முன் பிறந்த அப்பா அம்மாவை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியா மரபணுவைச் செருகுவதில்லை. இரைப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஆறாத அழற்சியை வளர்க்கிறது. சில வகைகள் காக்ஏ என்ற புரதத்தையும் செல்லுக்குள் ஏற்றுகின்றன. தடுப்பூசி இல்லை. ஆனால் மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை இரு வாரம் தவறாமல் உட்கொண்டால் பெரும்பாலோருக்கு ஒழிந்துவிடுகிறது.