ஏரிக்கரை வீடு உண்டு, ஏரி கிடையாது: 2,350 டாலர் போச்சு

நியூ ஜெர்சியில் கோடை விடுமுறைக்கு ஏரிக்கரை வீடு தேடிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். போனது 2,350 டாலர். இன்னும் வயிறு எரிகிறது. வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். தங்கை குடும்பமும் பாஸ்டனிலிருந்து கிளம்பி வருவதாகப் பேச்சு. விடுமுறை வீடுகளுக்கான ஒரு ஆப்பில், ஸ்பார்ட்டா பக்கம் லேக் மோஹாக்கில் ஒரு வீடு கிடைத்தது. தனியார் ஏரி, பீச், படகு, கிளப் ஹவுஸ் எல்லாம் உண்டு என்று போட்டிருந்தது. போன் போட்டால் எடுத்தவர் தமிழர். "தம்பிக்கு எந்த ஊரு?" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் அந்த மனிதர் சொன்ன கதையைக் கேட்க வேண்டுமே! "இது தானா வந்த ஏரி இல்ல தம்பி. 1926-ல ஆர்தர் கிரேன் கம்பெனிக்காரங்க வால்கில் ஆறு புறப்படுற இடத்துல அணையைக் கட்டி ஆரம்பிச்சது." நகரத்து ஆட்களுக்குக் கோடை வீடாக மனை மனையாக விற்றது, டியூடர் பாணிக் கூரைகள், ஒயிட் டியர் பிளாசா கடைத்தெரு, அது 1988-இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது, டிசம்பரில் போர்டுவாக்கில் நடக்கும் ஜெர்மன் கிறிஸ்துமஸ் சந்தை என்று ஒன்று விடாமல் சொன்னார். பிறகு தேடிப் பார்த்தேன், அத்தனையும் உண்மை. ஒரு ஊரைப் பற்றி இவ்வளவு ஆசையாகப் பேசுகிறவர் பீச் விஷயத்தில் புளுகுவார் என்று யாருக்குத் தோன்றும்?

வாடகை 1,900 ஆப் வழியாகப் போனது. "பீச்சுக்குள்ள விடுற பேட்ஜுக்கும் படகுக்கும் கிளப்ல தனியா கட்டணும் தம்பி, அது ஆப்புல வராது, எனக்கு நேரா அனுப்பிடுங்க. நம்ம ஆளுங்ககிட்ட நான் லாபமா பார்க்கப் போறேன்?" என்றார். அந்த 450-ஐ வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பினேன்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. சொன்னபடி சமையலறை மேடையில் ஒரு கவரில் பேட்ஜுகள். அப்பா தோளில் துண்டு, மகள் இடுப்பில் காற்றடித்த வாத்து, எல்லோரும் பீச்சுக்கு இறங்கினோம். வாசலில் நின்ற கல்லூரிப் பையன் பேட்ஜைத் திருப்பிப் பார்த்தான். "சார், இது போன வருஷத்துது. இந்த வருஷம் நிறமே வேற." வீட்டு முகவரியைக் கேட்டுக்கொண்டு கிளப் அலுவலகத்துக்குப் போன் போட்டான். அந்த வீட்டுக்காரர் சந்தா பாக்கி வைத்திருக்கிறார், உறுப்பினர் உரிமை நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. பையன் மேல் தப்பே இல்லை, மரியாதையாகத்தான் சொன்னான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்க்க, அப்பா ஒன்றும் பேசாமல் துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு 2,350-ஐ விட அதுதான் ஆறவில்லை.

அந்த மனிதர் விட்டுவிட்ட மீதிக் கதை இதுதான். இந்த மாதிரி இடங்களில் ஏரி ஊருக்குப் பொது இல்லை. வீட்டுக்காரர்கள் சேர்ந்த சங்கத்துக்குச் சொந்தம், கிளப் என்பது அதுதான். அணைப் பராமரிப்பு, பாசி எடுப்பது, லைஃப்கார்டு சம்பளம் எல்லாம் உறுப்பினர் சந்தாவில்தான் ஓடுகிறது. சந்தா கட்டாதவன் வீடு தண்ணீரை ஒட்டியே இருந்தாலும் அங்கே தங்குகிறவன் கால் நனைக்க முடியாது. சங்கத்தின் பக்கம் இது நியாயம்தான். பாக்கியை வைத்துக்கொண்டு என்னிடம் ஏரியை விற்றானே, அவனைத்தான் கேட்க வேண்டும்.

அன்று சாயங்காலமே போன் போட்டேன். "பையன் புதுசு போல தம்பி, நான் ஆபீஸ்ல பேசுறேன்." மறுபடி போட்டால், "மீட்டிங்ல இருக்கேன்." அப்புறம் வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் மட்டும். "தம்பி" எல்லாம் பணம் வரும்வரைதான் போலிருக்கிறது.

ஆப்காரர்கள் இன்னும் மோசம். முதலில் ஒரு எந்திரம், "உங்கள் சிரமம் புரிகிறது" என்றது. பிறகு வந்த ஆளும் அதையே சொன்னார். வீடு படத்தில் உள்ளபடி இருந்தது, நீங்கள் சாவி வாங்கி உள்ளே போய்விட்டீர்கள், பீச் என்பது "அருகிலுள்ள வசதி" என்ற வகையில் வருகிறது, எனவே பணம் திரும்பாது. கேஸ் முடிக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு மெயில் வேறு! வங்கியில் கேட்டால், "நீங்களாக அனுப்பிய பணம் சார்." ஆக 1,900-ம் போச்சு, 450-ம் போச்சு.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: பணம் கட்டும் முன் அந்த ஏரிச் சங்கத்தின் அலுவலகத்துக்கு நீங்களே போன் போட்டு, இந்த முகவரியில் வாடகைக்கு வருகிறவருக்கு பேட்ஜ் உண்டா என்று கேளுங்கள். ஆப்புக்கு வெளியே ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள், ஆள் எந்த ஊராக இருந்தாலும் சரி. இப்படிப்பட்ட இடத்தில் வீடு வாங்கவே நினைப்பவர்கள் பழைய சந்தா பாக்கியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) உள்ள ஹைலேண்ட் லேக்ஸ் என்ற ஏரி ஊரின் கிளப் வழக்கில், முந்தைய சொந்தக்காரர் வைத்த பாக்கிக்குப் புதிதாக வாங்கியவரே பொறுப்பு என்று மாநில உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்லியிருக்கிறது.

நியூ ஜெர்சி நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவில் (small claims) 5,000 டாலர் வரை கேட்கலாம். என் 2,350 அதற்குள் வருகிறது, படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது, பீச் படத்தோடு. அதே வீட்டில் ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், அந்த போன வருஷத்து பேட்ஜைப் படம் எடுத்திருந்தால் அதையும் அனுப்புங்கள்.