யூரோப்பா, அஸ்தோரியாவா, சிங்க மாளிகையா? பீட்டர்ஸ்பர்க்கில் தங்க இடம் தேடுகிறவர்களுக்கு

வெளியூர்ப் பயணம் என்றால் முதலில் ஹோட்டலைப் பிடித்துவிட்டு, எதைப் பார்ப்பது என்று அப்புறம் யோசிப்பதுதான் நம் வழக்கம். செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு அதைத் திருப்பிப் போட வேண்டும். எந்த மாதம் போகிறீர்கள், சாயங்காலத்தை எங்கே கழிக்கப் போகிறீர்கள் என்ற இரண்டையும் முடிவு செய்துவிட்டால் ஹோட்டல் தானாகவே முடிவாகிவிடும். ஊரின் பேர்பெற்ற மூன்று பெரிய ஹோட்டல்களும் நெவ்ஸ்கி சாலைக்கும் ஐசக் சதுக்கத்துக்கும் இடையே, ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. மெத்தை, காலை உணவு, பணிவிடை எதிலும் ஒன்றை ஒன்று பெரிதாக மிஞ்சவில்லை. இரவு பதினொரு மணிக்கு வாசலை விட்டு இறங்கினால் கண்முன் என்ன இருக்கிறது என்பதில்தான் வித்தியாசமே.

நான் ஜூன் மாதத்தில் அம்மாவோடு போனேன். அம்மாவுக்கு எழுபது வயது, மூட்டு வலி உண்டு. மூன்று இரவு அஸ்தோரியா, இரண்டு இரவு கிராண்ட் ஹோட்டல் யூரோப். சிங்க மாளிகையில் தங்கவில்லை. இரண்டு முறை தேநீருக்குப் போனோம். இந்த ஒப்பீட்டை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

கிராண்ட் ஹோட்டல் யூரோப்பிலிருந்து தொடங்குகிறேன். மூன்றில் மூத்தது இதுதான், 1875இல் திறந்தது. நெவ்ஸ்கி சாலையும் மிகைலோவ்ஸ்கயா தெருவும் சந்திக்கும் முனையில் நிற்கிறது. சைக்கோவ்ஸ்கி 1877இல் தேனிலவுக்கு வந்து தங்கிய இடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த அதன் பெரிய உணவுக்கூடத்தில் வண்ணக் கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்குவதைப் பார்ப்பதற்காகவே ஒரு காலை அங்கே உட்காரலாம்.

ஆனால் இந்த ஹோட்டலின் உண்மையான சொத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. தெருவைக் கடந்தால் பில்ஹார்மோனிக் அரங்கம். லெனின்கிராட் (இந்த ஊரின் அப்போதைய பெயர்) நாஜிப் படைகளின் முற்றுகையில் இருந்தபோது, 1942 ஆகஸ்ட் 9 அன்று, பசியால் மெலிந்த வாத்தியக்காரர்களை வைத்துக் கார்ல் எலியாஸ்பெர்க் ஷோஸ்தகோவிச்சின் ஏழாவது சிம்பொனியை நடத்தியது அந்த அரங்கத்தில்தான். அதே தெருவின் கோடியில் கலைச் சதுக்கம். அதைச் சுற்றி ரஷ்ய அருங்காட்சியகமும் மிகைலோவ்ஸ்கி நாடக அரங்கமும். இசையோ பாலேவோ பார்த்துவிட்டுப் பனியில் இரண்டே நிமிடம் நடந்து அறைக்குள் நுழையலாம். டிசம்பரில் அங்கே பகல் வெளிச்சம் ஆறு மணி நேரம்கூட இருக்காது. மாலை மூன்று, நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் கச்சேரி அரங்கம் கூப்பிடு தூரத்தில் இருப்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று யோசித்துப் பாருங்கள். குளிர்காலத்துக்கு என் தேர்வு சந்தேகமில்லாமல் யூரோப்தான்.

மெட்ரோ வசதியும் இங்கேதான் அதிகம். நெவ்ஸ்கி பிராஸ்பெக்ட், கோஸ்தினி த்வோர் என்று ஒன்றோடொன்று இணைந்த இரண்டு நிலையங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. இரண்டாம் அலெக்சாந்தர் மன்னர் 1881இல் குண்டுவீச்சுக்கு ஆளான இடத்தில் எழுப்பிய மீட்பர் ஆலயமும், குதுசோவ் தளபதியின் சமாதி உள்ள கசான் பேராலயமும் நடை தூரம். குறை என்றால் சத்தம். கோடையில் நெவ்ஸ்கி சாலை தூங்குவதே இல்லை. நள்ளிரவு தாண்டியும் பாட்டு, கிடார், கூட்டம். நெவ்ஸ்கியைப் பார்த்த அறை கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள். உள்முற்றம் பார்த்த அறையைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது அஸ்தோரியா. 1912இல் திறந்தது, கட்டடக் கலைஞர் பியோதர் லித்வால். ஜன்னலைத் திறந்தால் புனித ஐசக் பேராலயம் முழுசாக நிற்கும். கட்டி முடிக்க 40 ஆண்டுகள் பிடித்த ஆலயம் அது, 1818 முதல் 1858 வரை. உயரம் 101.5 மீட்டர், பொன் முலாம் பூசிய குவிமாடம். ஜூனில் சூரியன் இரவு பத்தரை மணி வாக்கில்தான் மறைகிறது. மறைந்தும் இருட்டுவதில்லை. அந்தச் சாம்பல் நீல வெளிச்சத்தில் குவிமாடம் மட்டும் மங்கலாக மின்னிக்கொண்டே இருக்கும். முதல் நாள் இரவு பன்னிரண்டு மணிக்கு அம்மா ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏம்ப்பா, இங்க ராத்திரியே வராதா?" என்றார். பிறகு வெகுநேரம் பேசவே இல்லை. சதுக்கம் பார்த்த அறைக்குக் கூடுதலாகக் கொடுத்த பணத்தை நான் அதன் பிறகு நினைக்கவில்லை.

வெண்ணிரவுக் காலத்துக்கு, அதாவது மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை, அஸ்தோரியாவையே சொல்வேன். இரவு ஒரு மணிக்கு மேல் நெவா நதிப் பாலங்கள் தூக்கப்படும். கப்பல்கள் போக வழி விட்டு, பாலத்தின் நடுப்பாகம் இரண்டாகப் பிரிந்து மேலே எழும். அதைப் பார்க்கப் போய்விட்டு நடந்தே திரும்பும் தூரத்தில் இருக்கிறது அஸ்தோரியா. வழியில் பீட்டர் மன்னரின் வெண்கலக் குதிரைச் சிலை. மரியின்ஸ்கி அரங்கத்துக்கும் இங்கிருந்து கால் மணி நேர நடைதான். கீழ்த்தளத்து வட்டக் கூடத்தில் பிற்பகல் தேநீர் உண்டு. வெள்ளைப் பீங்கானில் நீல வலைப் பின்னல் போட்ட கோப்பைகள், முன்பு லோமனோசோவ் என்றும் இப்போது இம்பீரியல் என்றும் பெயர் கொண்ட ஊரின் பீங்கான் தொழிற்சாலையின் புகழ்பெற்ற வடிவம் அது.

ஹிட்லர் லெனின்கிராடைப் பிடித்ததும் அஸ்தோரியாவில் வெற்றி விருந்து வைக்கத் திட்டமிட்டிருந்தார் என்று ஊரில் சொல்வார்கள். அது எந்த அளவு உண்மையோ, சதுக்கத்தின் அந்தப் பக்கம் நிற்கும் ஒரு கட்டடத்தின் கதை உண்மை. நிக்கோலாய் வவிலோவ் உலகம் முழுக்கச் சுற்றிச் சேகரித்த விதைகளின் நிலையம் அது. 872 நாள் முற்றுகையில் ஊரே பட்டினி கிடந்தபோது, அங்கே வேலை பார்த்தவர்கள் விதைகளைத் தொடவில்லை. நெல் ரகங்களுக்குப் பொறுப்பாக இருந்த திமித்ரி இவானோவ் ஆயிரக்கணக்கான அரிசிப் பொட்டலங்களுக்கு நடுவே பசியால் இறந்தார். நிலக்கடலைப் பிரிவிலிருந்த அலெக்சாந்தர் ஷுகின் தன் மேசையிலேயே இறந்தார். வவிலோவ் அப்போது சிறையில் இருந்தார். 1943இல் சரத்தோவ் சிறையில் அவரும் உணவின்றி நலிந்தே இறந்தார். சுற்றுலாப் பேருந்துகள் அந்தக் கட்டடத்தின் முன் நிற்பதில்லை. நீங்கள் நில்லுங்கள். நெல் விளையும் ஊரிலிருந்து போகிற நாம் அங்கே ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அஸ்தோரியாவின் விலை கட்டுப்படி ஆகவில்லை என்றால், சுவரை ஒட்டி அதன் தங்கை மாதிரி ஆங்லெத்தேர் (Angleterre) ஹோட்டல் இருக்கிறது. கவிஞர் யெசெனின் 1925இல் உயிர்விட்ட இடம். அப்போதிருந்த கட்டடத்தை 1987இல் மக்கள் எதிர்ப்பை மீறி இடித்துத் திரும்பக் கட்டினார்கள். ஐசக் காட்சி அங்கேயும் கிடைக்கும்.

மூன்றாவது, சிங்க மாளிகை. லயன் பேலஸ் என்று தேடினால் கிடைக்கும். ஐசக் பேராலயத்தைக் கட்டிய அதே மோன்ஃபெராந்த், 1817 முதல் 1820 வரை ஓர் இளவரசருக்காகக் கட்டிய முக்கோண வடிவ மாளிகை. வாசலில் இரண்டு பளிங்குச் சிங்கங்கள். 1824 வெள்ளத்தில் ஓர் ஏழைக் குமாஸ்தா சிங்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்து உயிர் பிழைத்ததாகப் புஷ்கின் தன் வெண்கலக் குதிரைவீரன் கவிதையில் எழுதியது இந்தச் சிங்கங்களைத்தான். ஹோட்டலானது 2013இல். அறைகள் 177. பழைய கட்டடத்தைப் புதிதாக ஹோட்டலாக்கியதால் நீச்சல் குளம் முதற்கொண்டு எல்லாம் இந்தக் காலத்துக்கானவை. கண்ணாடிக் கூரை போட்ட உள்முற்றத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பது நல்ல அனுபவம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது பொருந்தும். பகல் முழுக்க அருங்காட்சியகத்தில் நடந்து சலித்த பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு குளம் கிடைப்பது பெற்றோருக்கும் நிம்மதி. ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்துக்கு மூன்றிலும் பக்கமாக இருப்பதும் இதுதான். அட்மிரால்டி தோட்டத்தின் ஓரமாகப் பத்து நிமிட நடை.

இருந்தாலும் எனக்கு இது மூன்றாவது இடம்தான். உள்ளே உட்கார்ந்திருந்தபோது பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறோம் என்ற உணர்வு குறைவாகவே இருந்தது. அழகு இருந்தது, பழைய ஊரின் வாடை இல்லை. இதில் உங்கள் ரசனை வேறாக இருக்கலாம்.

சர்வதேச ஹோட்டல் நிறுவனங்கள் சில 2022க்குப் பிறகு ரஷ்யாவை விட்டு விலகின. அதனால் பழைய பயணக் கட்டுரைகளில் இருக்கும் நிறுவனப் பெயர் இன்றைய பலகையில் இல்லாமல் போகலாம். கட்டடத்தின் பெயரையும் தெருவையும் வைத்துத் தேடுங்கள். புக்கிங் டாட் காம் அங்கே இயங்குவதில்லை. ஹோட்டலுக்கே நேராக எழுதுவது நல்லது.

பண விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் 2022 மார்ச்சில் சேவையை நிறுத்திவிட்டன. வெளிநாட்டில் வாங்கிய அந்தக் கார்டுகள் அங்கே எந்தக் கடையிலும் ஓடாது, ஏடிஎம்மிலும் பணம் வராது. எங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தவர், "ஐந்து நட்சத்திர ஹோட்டலில் கார்டு வாங்காமல் இருப்பார்களா சார்" என்று அடித்துச் சொன்னார். வாங்கவில்லை. முன்ஜாக்கிரதையாகக் கொண்டு போன யூரோ நோட்டுகள்தான் காப்பாற்றின. கிழியாத, கிறுக்காத டாலர் அல்லது யூரோ நோட்டுகளாகக் கொண்டு போய் அங்குள்ள வங்கியில் ரூபிளாக மாற்றிக்கொள்ளுங்கள். நுழைவு விசாவைப் பொறுத்தவரை, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் மின்விசா உண்டு. வந்த பிறகு செய்ய வேண்டிய குடிபெயர்வுப் பதிவை ஹோட்டலே செய்துவிடும். கடவுச்சீட்டைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்தால் பதற வேண்டாம்.

சைவச் சாப்பாட்டுக்கு மூன்று ஹோட்டல்களிலும் காலையில் பஞ்சமில்லை. பாலாடைக்கட்டியில் சுட்ட சிர்னிக்கி, மெல்லிய பிளினி, பக்வீட் தானியத்தில் செய்யும் கிரேச்சா கஞ்சி எல்லாம் கிடைக்கும். வெளியே சாப்பிடும்போது "பெஸ் மியாசா" என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம்.

சரி, நாள் கணக்குக்கு வருவோம். இந்த ஊரில் பலர் தடுக்கி விழுவது விடுமுறை நாட்களில். ஹெர்மிடேஜ் திங்கட்கிழமை மூடியிருக்கும். பீட்டர்ஹோஃப் பெரிய அரண்மனையும் அப்படியே. ரஷ்ய அருங்காட்சியகத்துக்கும் ஜார்ஸ்கோயே செலோவின் கேத்தரீன் அரண்மனைக்கும் செவ்வாய் விடுமுறை. மீட்பர் ஆலயத்துக்குப் புதன். ஆகவே திங்கள், செவ்வாய் இரண்டு நாள் மட்டும் ஊரில் இருக்கிற மாதிரி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். வியாழன் இறங்கி ஞாயிறு வரை இருந்தால் எதுவும் கை நழுவாது.

ஹெர்மிடேஜுக்கு ஒரு முழுப் பகல் கொடுங்கள், ஆனால் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். சேகரிப்பில் ஏறத்தாழ 30 லட்சம் பொருட்கள் உண்டு. குளிர்கால அரண்மனையும் அதை ஒட்டிய கட்டடங்களும் சேர்ந்த முதன்மை வளாகத்தில் ரெம்ப்ராண்டின் ஊதாரி மைந்தன், லியனார்டோவின் இரண்டு மடோனாக்கள், மயில் கடிகாரம். அப்புறம் சதுக்கத்தைக் கடந்து எதிரே உள்ள ஜெனரல் ஸ்டாஃப் கட்டடத்தில் மத்தீஸின் ஓவியங்கள். அம்மாவுக்கு இது போதும் போதும் என்று ஆகிவிட்டது, எனக்கும்தான்.

பீட்டர்ஹோஃபுக்குக் கோடையில் அரண்மனைப் படித்துறையிலிருந்து மெட்டியோர் படகில் போனால் அரை மணிக்குச் சற்று மேல் ஆகும். அங்குள்ள நீரூற்றுகளுக்கு மோட்டாரே கிடையாது. ரோப்ஷா மேட்டிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த நீர், சரிவின் விசையாலேயே 300 ஆண்டுகளாகப் பீறிட்டுக்கொண்டிருக்கிறது. சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சாம்சன் சிலையிலிருந்து 20 மீட்டர் உயரம் தண்ணீர் எழும். ஆனால் அக்டோபர் நடுவோடு ஊற்றுகளை நிறுத்திவிடுவார்கள். குளிர்காலத்தில் போகிறவர்கள் அந்த நாளை ஜார்ஸ்கோயே செலோவுக்குக் கொடுக்கலாம். போரில் நாஜிகள் கொள்ளையடித்துப் போன அம்பர் அறையை அங்குள்ள கேத்தரீன் அரண்மனையில் 2003இல் திரும்பவும் உருவாக்கி முடித்தார்கள்.

ஐசக் பேராலயத்தின் தூண் மாடத்துக்கு 262 படிகள். மூட்டு வலிக்காரர்கள் கீழேயே உட்காரலாம். நான் ஏறிப் பார்த்த காட்சியை அம்மா அறை ஜன்னலிலிருந்தே வேறு விதமாகப் பார்த்தார்.

பாலங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வசீலியெவ்ஸ்கி தீவிலோ பெத்ரோகிராத் பக்கமோ மலிவாக அறை கிடைக்கிறதே என்று எடுத்தால், பாலம் தூக்கிய பிறகு விடியும் வரை கரையிலேயே நிற்க நேரலாம். மேலே சொன்ன மூன்று ஹோட்டல்களும் நெவாவின் தென்பக்கத்தில் இருக்கின்றன. புல்கோவோ விமான நிலையமும் மாஸ்கோ ரயில் நிலையமும் அதே பக்கம். அதிகாலை விமானம் என்றாலும் பாலத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

பகலில் அதே வசீலியெவ்ஸ்கி தீவுக்குப் போங்கள். அரண்மனைப் பாலத்தைக் கடந்ததும் இடது பக்கம் பச்சை நிறக் கோபுரத்தோடு குன்ஸ்த்கமேரா நிற்கும். பீட்டர் மன்னர் 1714இல் தொடங்கிய அருங்காட்சியகம். பெரும்பாலோர் அதன் விசித்திர சேகரிப்புகளைப் பார்க்கப் போகிறார்கள். நமக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அலெக்சாந்தர் மெர்வார்ட், லுத்மிலா மெர்வார்ட் என்ற கணவனும் மனைவியும் 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் சுற்றி இந்த அருங்காட்சியகத்துக்காகப் பொருட்களைச் சேகரித்தார்கள். தமிழ் கற்றுக்கொண்ட அலெக்சாந்தர், 1929இல் பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் ஓர் இலக்கண நூலே எழுதினார். தெற்காசியப் பகுதி எங்கே என்று நுழைவாயிலிலேயே கேட்டுக்கொண்டு போங்கள். இதுவும் திங்கட்கிழமை கிடையாது.