கிட்டி டெர்மினல்: கன்ட்ரோல்+ஐ வேறு, டாப் வேறு

கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில் கன்ட்ரோல்+ஐ அழுத்தினாலும் டாப் அழுத்தினாலும் நிரலுக்குப் போய்ச் சேர்வது 9 என்ற ஒரே பைட்தான். கன்ட்ரோல்+எம், என்டர் இரண்டுக்கும் 13. கன்ட்ரோலோடு வரும் எழுத்தின் ஆஸ்கி எண்ணில் கடைசி 5 பிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழைய வழக்கம் இதற்குக் காரணம். கேலிபர் மின்னூல் மென்பொருளை எழுதிய கோவித் கோயலின் கிட்டி என்ற டெர்மினல், இந்தச் சிக்கலை வேரிலேயே பிடித்திருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் இலவசமாகக் கிடைக்கிறது, விண்டோஸுக்கு இல்லை.

இதன் விசைப்பலகை நெறிமுறையில், நிரல் தொடங்கும்போது 'எஸ்கேப் [ > 1 யு' என்று அனுப்ப வேண்டும் (யு என்பது ஆங்கிலச் சிற்றெழுத்து). அதன்பின் கன்ட்ரோல்+ஐ 'எஸ்கேப் [ 105;5 யு' என்று வரும். 105 விசையின் எண். 5 என்பது 1 கூட்டல் கன்ட்ரோலுக்கான 4. ஷிஃப்டுக்கு 1, ஆல்ட்டுக்கு 2. முடிக்கும்போது 'எஸ்கேப் [ < யு' அனுப்பினால் பழைய நிலை திரும்பும்.

எஸ்கேப் விசையில்தான் பலன் உடனே தெரியும். அம்புக்குறி விசைகளும் 27 என்ற பைட்டில்தான் தொடங்குகின்றன. அதனால் 27 வந்ததும், அது தனி எஸ்கேப்பா அம்புக்குறியின் தொடக்கமா என்று தெரியாமல் நிரல் சிறிது நேரம் காத்திருக்கும். டெர்மினலுக்கும் நிரலுக்கும் இடையில் நின்று ஒரே சாளரத்தில் பல அமர்வுகளை ஓட்டும் டிமக்ஸின் பழைய பதிப்புகளில் இந்தக் காத்திருப்பு 500 மில்லிநொடி. கிட்டியில் எஸ்கேப்பும் 27 யு என்று முழுத் தொடராக வருவதால் காத்திருக்கத் தேவையே இல்லை.

1 என்ற நிலையில் என்டர், டாப், பேக்ஸ்பேஸ் மூன்றும் வெறுமனே அழுத்தினால் பழைய பைட்டையே அனுப்பும். நல்ல முன்யோசனை இது. நிரல் பாதியில் செத்து, நிலையை மீட்காமல் போனால் ஷெல்லில் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) கன்ட்ரோல்+சி அழுத்தும்போது 99;5 யு என்று குப்பை வரும். அப்போதும் ரீசெட் என்று தட்டி என்டர் அழுத்தலாம்.

தமிழ் விசைப்பலகை அமைப்பில் தட்டுவோர் 4 என்ற கொடியை (தொடக்கத்தில் அனுப்பும் 1 போல இன்னொரு தேர்வு) கவனிக்க வேண்டும். தமிழ்99இல் சி இருக்கும் இடத்தில் ஒ இருக்கிறது. 4ஐயும் சேர்த்து 5 என்று கேட்டால், அந்த இடத்தின் ஆங்கில விசை 99 என்பதும் கூடவே வரும், கன்ட்ரோல்+சி பிழைத்துக்கொள்ளும். லினக்ஸின் எக்ஸ்11 திரை அமைப்பில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தட்டுவதானால் ஜிஎல்எஃப்டபிள்யூ_ஐஎம்_மாட்யூல் என்ற சூழல் மாறிக்கு ஐபஸ் என்று மதிப்புக் கொடுத்துக் கிட்டியைத் திறக்க வேண்டும்.

குறைகள் உண்டு. கன்ட்ரோல்+ஷிஃப்டில் தொடங்கும் பல குறுக்குவிசைகளைக் கிட்டி தனக்கென எடுத்துக்கொள்கிறது. அவை நிரலுக்குப் போக, அமைப்புக் கோப்பில் அந்த விசைக்கு நோ_ஆப் என்று மேப் செய்ய வேண்டும். டிஸ்கார்ட்_ஈவென்ட் என்று எழுதினால் விசை யாருக்கும் போகாது. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மேக்கில் ஆப்ஷன் விசை சிறப்புக் குறிகளையே தரும். ஆல்ட்டாக வேண்டுமானால் மேக்ஓஎஸ்_ஆப்ஷன்_ஆஸ்_ஆல்ட் அமைப்பை 'யெஸ்' (ஆம்) ஆக்குங்கள்.

வெளி சர்வருக்கு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழையும் வழி) போட்டால், அங்கே எக்ஸ்டெர்ம்-கிட்டிக்கான டெர்மின்ஃபோ (டெர்மினலின் இயல்புகளைச் சொல்லும் கோப்பு) இல்லாவிட்டால் அம்புக்குறியும் பேக்ஸ்பேஸும் தாறுமாறாகும். வெறும் எஸ்எஸ்எச்சுக்குப் பதில் 'கிட்டன் எஸ்எஸ்எச்' கொடுத்தால் அந்தக் கோப்பைத் தானே கொண்டுபோய் வைத்துவிடும்.

டிமக்ஸை விட முடியாதவர்கள் கிட்டியை விசைகளுக்காக மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டாம். இடையில் டிமக்ஸ் நின்றால் இந்த நெறிமுறை முழுதாக உள்ளே போகாது. விசையை விடுவித்த செய்தி நிரலுக்கு எட்டாது. நியோவிம், ஹீலிக்ஸ் எடிட்டர்கள், ஃபிஷ் 4 ஷெல் ஆகியவற்றை நேரடியாக ஓட்டுவோருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பாஷ் ஷெல் இந்த நெறிமுறையைக் கேட்பதே இல்லை என்பதால் அதில் மட்டும் வேலை செய்தால் வித்தியாசம் தெரியாது.

நிறுவியதும் 'கிட்டன் ஷோ-கீ -எம் கிட்டி' ஓட்டி, ஷிஃப்ட்+என்டர் அழுத்திப் பாருங்கள். ஷிஃப்ட் தனியாகக் காட்டப்பட்டால் கிட்டி தன் வேலையைச் செய்கிறது. அதன்பிறகும் எடிட்டரில் விசை எடுபடவில்லை என்றால் சிக்கல் எடிட்டரிலோ இடையில் நிற்கும் டிமக்ஸிலோதான்.